'சகஜம்' என்று சொல்லாதீர்கள்

எங்கள் விம்கோ நகருக்குப் பெயர் கொடுத்தது தீப்பெட்டிக் கம்பெனி. அதன் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் என் மாமியார் உலை வைப்பார். வேலை என்றால் கம்பெனி, ஷிப்டு, சங்கு என்றிருந்த ஊர் இது. இந்த மாதம் எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் முதல் வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு பெண் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு பையன் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். இன்னொரு பெண் டி.எச். ரோட்டில் பெட்ரோல் பங்க்கில், சாயங்கால ஷிப்டு. முன்பின் தெரியாதவர்கள் கோபத்தோடு வந்து நிற்கிற இடத்தில் இந்த மூன்று பேரின் முகம்தான் முதலில் தெரியும்.

நான் 33 வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் காஷுவாலிட்டியில். கடைசி ஒன்பது வருஷம் மற்றவர்களுக்கு டூட்டி போடும் பொறுப்பில் இருந்தேன். அடி வாங்கியிருக்கிறேன், அடி விழாமல் தடுத்துமிருக்கிறேன். தடுக்கத் தவறியும் இருக்கிறேன். அந்த நர்ஸ் பெண்ணின் அம்மா, "அக்கா, புள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டதால் எழுத ஆரம்பித்தேன். நாலு வார்த்தையில் அடங்கவில்லை.

1. அடி வாங்கியவரிடம் 'இதெல்லாம் சகஜம்' என்று சொல்லாதீர்கள். உங்களிடம் யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. 1990களின் கடைசியில் ஒரு ராத்திரி டூட்டி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரி மோதிய பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொண்டுவரும்போதே உயிர் இல்லை. டாக்டர் அதைச் சொன்னதும் கூட்டத்திலிருந்து ஒருவர், பக்கத்தில் நின்ற இளம் நர்ஸைக் கன்னத்தில் அறைந்தார். அவள் கையிலிருந்த கிட்னி ட்ரே தரையில் விழுந்து உருண்டு, கட்டிலின் இரும்புக் காலில் மோதி நின்றது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அவளை டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, "சாவு விழுந்த வீட்டுக்காரங்கம்மா, இதெல்லாம் சகஜம், மனசுல வெச்சுக்காதே" என்றேன். பிறகு அடுத்த கேஸுக்கு அனுப்பிவிட்டேன். எழுத்தில் ஒரு வரி பதியவில்லை. மேலே யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் அவள் வேலையை விட்டுவிட்டாள். போகும்போது சொன்னாள்: "அடிச்சவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்ல சிஸ்டர். ஆனா அன்னிக்கு நீங்க எனக்காக ஒரு வார்த்தை பேசல."

அவள் சொன்னது சரி. இங்கே நான் எழுதுவதெல்லாம் அவளுக்கு அன்று நான் செய்யாமல் விட்டவை.

2. காத்திருப்பவரிடம் போய்ப் பேசுங்கள். அவர் எழுந்து வரும்வரை இருக்காதீர்கள்.

நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை காத்திருக்கும் பெஞ்சில் ஆரம்பித்தவை. வலியில் துடிக்கிற அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு மகன் வெளியே நிற்கிறான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கேட்டால் "வெயிட் பண்ணுங்க" என்கிறார்கள். அரை மணி கழித்து மறுபடி கேட்டாலும் அதே பதில். மூன்றாவது முறை அவன் கேட்க மாட்டான், கத்துவான். நான்காவது முறை கதவைத் தள்ளுவான்.

"டாக்டர் வருவாரு" என்பது அவனுக்குப் போதாது. "டாக்டர் தியேட்டர்ல இருக்கார், முடிய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை உங்கம்மாவை நான் பார்த்துட்டு வந்து உங்ககிட்ட சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அரை மணியில் போய் நில்லுங்கள். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் போங்கள். "மாற்றமில்லப்பா, பிரஷர் அப்படியேதான் இருக்கு" என்ற ஒரு வரி போதும். நர்ஸுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். கண்ணாடி உடைந்த பிறகு ஆகும் நேரம் இதைவிடப் பல மடங்கு.

நம் பக்கத்துக் குப்பங்களில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் இருபது பேர் சேர்ந்து வருவார்கள். அதைத் தொல்லையாகப் பார்க்காதீர்கள். கடலில் ஒருவரை ஒருவர் நம்பிப் பிழைக்கிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் உரக்கக் கத்துகிறவரிடம் போகாதீர்கள். யார் பேசினால் மற்றவர்கள் வாயை மூடுகிறார்கள் என்று பாருங்கள். பல சமயம் அது சுவரோரம் தரையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆயாவாக இருக்கும். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பேரை முதலில் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். "டேய், கம்முனு இருங்கடா, அந்தப் பொண்ணு பேசட்டும்" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், எந்த செக்யூரிட்டியாலும் முடியாதது நடக்கும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். அப்படிப்பட்ட ராத்திரியில் ஆஸ்பத்திரி வாசலில் கேட்கும் சத்தத்தில் முக்கால்வாசி பயம்தான். பயந்தவரை அதட்டினால் அவர் சண்டைக்காரராக மாறிவிடுவார்.

யார்டு பையனுக்கும் இதேதான். துறைமுக ரோட்டில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, சாப்பிடாமல், தூங்காமல் வந்த டிரைவரிடம் "சிஸ்டம் டவுன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலை மூடாதே. எத்தனை மணிக்குச் சரியாகும், கழிவறை எங்கே, டீ எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல். பங்க் பெண்ணுக்கு: "ஜீரோ பாருங்க சார்" என்று ஒவ்வொரு வண்டிக்கும் சத்தமாகச் சொல்லிவிட்டு ஊற்று. பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

3. வேலை செய்யும் இடத்தில் முதல் நாளே கதவு எங்கே என்று பாருங்கள்.

2024 நவம்பர் 13 காலை, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் பாலாஜி ஜெகந்நாதனை அவரது அறையிலேயே ஒருவர் கத்தியால் பலமுறை குத்தினார். அங்கே சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன் அவர். டாக்டர் உயிர் பிழைத்தார். அதன்பிறகு மெட்டல் டிடெக்டர், போலீஸ் பூத், நோயாளியோடு வருபவர் கையில் நிறப் பட்டை என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏற்பாடுகள் வந்தன. எல்லாம் தேவைதான். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் கண்ணில் வந்தது நாற்காலி. நம் ஊர் அறைகளில் டாக்டரும் நர்ஸும் சுவருக்கு முதுகைக் காட்டி உள்ளே உட்கார்ந்திருப்போம். வந்தவர் நமக்கும் கதவுக்கும் நடுவில் இருப்பார். மேஜையைத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் எழுந்தால் யாரையும் தாண்டாமல் வெளியே போக முடிய வேண்டும். காசு செலவில்லாத காரியம் இது, யாரிடமும் ஃபைல் போட வேண்டாம்.

பிறகு மேஜை மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கத்தரிக்கோல், கண்ணாடி பேப்பர் வெயிட், பேப்பர் குத்தி வைக்கும் கம்பி. இவையெல்லாம் டிராயருக்குள் போகட்டும். டிரெஸ்ஸிங் ட்ராலி வந்தவரின் கைக்கு எட்டாத பக்கம் நிற்கட்டும். அடையாள அட்டையின் கயிறு இழுத்தால் கழன்றுவிடும் வகையா என்று பாருங்கள். கழலாத கயிறு கழுத்தில் சுருக்குப் போட்ட மாதிரி. ஸ்டெதஸ்கோப்பைத் தோளில் மாலை போல் தொங்கவிடாதீர்கள். நீண்ட பின்னலைக் கொண்டையாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். எங்கள் வார்டில் ஒருமுறை பின்னலைப் பிடித்துத்தான் ஒரு பெண்ணைக் கீழே தள்ளினார்கள்.

பங்க்கில் கேஷ் பையை எல்லோரும் பார்க்க எண்ணாதே. கட்டு சேர்ந்ததும் உள்ளே கொடுத்துவிடு. பணத்துக்காக யாராவது ஆயுதம் காட்டினால் பணத்தைக் கொடுத்துவிடு. முதலாளி என்ன சொன்னாலும் சரி.

4. தனியாகப் போகாதீர்கள். கெட்ட செய்தி சொல்லும்போது இரண்டு பேர் போங்கள். உதவிக்குக் கூப்பிட ஒரு வார்த்தையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வார்டில் அது "பச்சை ஃபைல் எடுத்துட்டு வாங்க." பச்சை ஃபைல் என்று ஒன்று எங்களிடம் இருந்ததே இல்லை.

5. குரல் உயரும்போது உங்கள் குரலை இறக்குங்கள்.

சொல்வது சுலபம், செய்யப் பழக வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், இடுப்பில் வைக்காதீர்கள். உள்ளங்கை தெரிய வயிற்றுக்கு நேராக வைத்திருங்கள். பார்ப்பவருக்கு அது பணிவு, உங்களுக்கு அது தடுப்பு. இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். அவர் மேல் கை வைக்காதீர்கள், ஆறுதலுக்குக்கூட. விரலை நீட்டிப் பேசாதீர்கள். "அமைதியா இருங்க" என்று சொல்லி யாரும் அமைதியானதை நான் பார்த்ததில்லை. "உங்களுக்கு இப்ப முதல்ல என்ன தெரியணும் அண்ணா?" என்று கேளுங்கள். வட சென்னையில் 'அண்ணா', 'அப்பா', 'அம்மா' என்ற வார்த்தைகளுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. எவ்வளவு கொதித்து நிற்பவரும் அந்த வார்த்தைக்கு ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடியில் நீங்கள் ஓர் அடி பின்னால் போயிருக்க வேண்டும்.

செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறவரிடம் போனைப் பிடுங்கப் போகாதீர்கள். நீங்களும் எதிரில் நின்று படம் பிடிக்காதீர்கள். படம் பிடிக்கிற வேலை மேலே இருக்கும் கேமராவுக்கு இருக்கட்டும்.

அடி வரப்போகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு: கண் விலகாமல் வெறிப்பது, முஷ்டி மூடுவது, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது, சட்டென்று பேச்சு நின்றுபோவது. இதில் கடைசியைப் பார்த்தால் அங்கே நிற்காதீர்கள்.

6. ஓடுங்கள். நோயாளியை விட்டுவிட்டு ஓடலாமா என்று உங்களைக் குற்றம் சொல்வார்கள். நீங்கள் விழுந்துவிட்டால் அந்த நோயாளிக்கும் யாருமில்லை. வெளியே போய் 112-க்குப் போன் செய்யுங்கள்.

7. அடி விழுந்தால் அன்றே பதிவு செய்யுங்கள்.

முதலில் உடம்பைக் காட்டுங்கள். நர்ஸே ஆனாலும் முறையாகக் காஷுவாலிட்டியில் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) என்ட்ரி போடச் சொல்லுங்கள். யார் அடித்தார், எதனால், எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்வது அதில் ஏற வேண்டும். 'தவறி விழுந்தேன்' என்று யாருக்காகவும் மாற்றிச் சொல்லாதீர்கள். பின்னால் கோர்ட்டில் பேசப்போவது அந்த ஒரு பக்கம்தான். கிழிந்த உடையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதை எடுத்து வைக்கச் சொல்லி அன்றே எழுதிக் கொடுங்கள்.

பிறகு போலீஸ். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. டாக்டரோடு நர்ஸ், மாணவர், மற்ற பணியாளர் எல்லோரும் அதில் அடக்கம். ஜாமீனில் விட முடியாத குற்றம், 3 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை. ஆனால் சட்டம் வந்த நாலாவது வருஷத்தில், 2012 ஜனவரி 2 அன்று, தூத்துக்குடியில் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் சேதுலட்சுமியை அவரது கிளினிக்கிலேயே வெட்டிக் கொன்றார்கள். இறந்துபோன ஒரு கர்ப்பிணியின் கணவர்தான் ஆட்களோடு வந்தார். சட்டம் கதவருகே காவல் நிற்காது. அதனால்தான் மூன்றாவது எண்ணை அவ்வளவு நீட்டி எழுதினேன்.

கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்ட் 9 அன்று ஒரு பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. பணியிலிருப்பவர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் சார்பில் புகார் பதிய வேண்டியது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்றது. இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடி வாங்கிய பெண் தனியாக ஸ்டேஷன் படி ஏறி, அடித்தவரின் சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்க, "விட்டுடும்மா, பாவம்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. நிறுவனம் முன்னால் நிற்க வேண்டும்.

யார்டுக்கும் பங்க்குக்கும் அப்படித் தனிச் சட்டமில்லை. பொதுவான குற்றச் சட்டம்தான். எழுத்தில் கொடுங்கள், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், வேலையின் காரணமாக வாங்கிய அடியும் பணிக்காயம்தான். நிர்வாகம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று கேட்டு வாங்குங்கள்.

8. மிரட்டலையும் எழுதி வையுங்கள்.

பகை பேச்சோடு நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்தவர். 2023 ஏப்ரல் 25 அன்று தன் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே வெட்டப்பட்டு இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வேகமாக வந்தது. ஆனாலும் கடமையைச் செய்த ஒருவரைப் பகலில், அவர் நாற்காலியிலேயே காப்பாற்ற முடியாமல் போனது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டூட்டி இடத்தில் வையுங்கள். தேதி, மணி, யார், என்ன வார்த்தை, யார் பார்த்தார்கள். "வெளிய வா, பாத்துக்கறேன்" என்று ஒருவர் சொன்னால் அதே வார்த்தையை எழுதுங்கள். வார்த்தை அசிங்கமாக இருந்தாலும் மாற்றாமல் எழுதுங்கள். ஒரே பெயர் மூன்று தடவை வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். நான் பொறுப்புக்கு வந்ததும் முதலில் வாங்கிப் போட்டது இந்த நோட்டைத்தான். ஆறு மாதத்தில் அதைப் படித்துப் பார்த்தபோது, தகராறுகள் ராத்திரி எட்டு முதல் பத்துக்குள் குவிந்திருந்தன. பார்வையாளர் நேரம் முடியும், ஷிப்டு மாறும், டாக்டர் சாப்பிடப் போவார். அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூடுதலாக ஓர் ஆளைக் கேட்டு வாங்கினேன். கையில் நோட்டு இல்லாதிருந்தால் கிடைத்திருக்காது.

9. அடிப்பவர் உள்ளேயும் இருக்கலாம்.

சீனியர் ஒருவர் ஃபைலை முகத்தில் எறிவார். சூப்பர்வைசர் அம்மா பேரைச் சொல்லித் திட்டுவார். ஸ்டோர் ரூமில் ஒருவர் வழியை மறிப்பார். வெளி ஆளின் அறையைவிட இதைச் சொல்வது கஷ்டம், அடுத்த மாத டூட்டி அவர் கையில் இருப்பதால். அது பாலியல் தொல்லை என்றால் பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், வெளியாள் ஒருவரும் அதில் உண்டு. பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பத்துக்குக் குறைந்த இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. வேலைக்குச் சேர்ந்த வாரமே, குழுவில் யார் யார் என்று ஒட்டியிருக்கிறதா என்று சுவரைப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் சிரித்த முகத்தோடு கேளுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு தையல் ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். சூப்பர்வைசர் ஒருவரின் தொல்லையை அவள் பொறுத்துக்கொண்டிருந்ததாக வீட்டாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். அதன்பிறகு தொழிலாளர் சங்கமும் நிர்வாகமும் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் போட்டன. உற்பத்திக் கூடத்திலேயே தொழிலாளர்களில் சிலரைக் கண்காணிப்பாளராகப் பயிற்றுவித்து நிறுத்தினார்கள். பக்கத்து மெஷினில் இருப்பவளிடம் சொன்னால் போதும் என்ற நிலை. அந்த ஏற்பாடு எல்லா இடத்துக்கும் வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

10. செக்யூரிட்டி அண்ணனோடு தினமும் பேசுங்கள். காண்ட்ராக்டில் வந்தவர், உங்களைவிடக் குறைந்த சம்பளம், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். பல சமயம் அறுபது வயதைத் தாண்டியவர். அடி முதலில் விழுவது அவர் மேல்தான். அவருக்கு ஒரு டம்ளர் டீயும், ஒரு வாக்கிடாக்கியும், தனியாக நிறுத்தாத இரண்டாவது ஆளும் வேண்டும் என்று நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.

11. நாளை நீங்களும் பொறுப்புக்கு வருவீர்கள். அன்றைக்கு இது.

உங்கள் கீழே ஒருவர் அடி வாங்கினால் அவரை அடுத்த கேஸுக்கு அனுப்பாதீர்கள். உட்கார வையுங்கள். "நீ என்ன சொன்னே, அவர் ஏன் அடிச்சார்?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நேரம் பிறகு வரும். வீட்டுக்குப் போன் செய்து, ஆட்டோ வைத்து, கூட ஒருவரை அனுப்புங்கள். ஸ்டேஷனுக்கு நீங்கள் கூடப் போங்கள், கோர்ட்டுக்கும் போங்கள். அவள் லீவு கேட்டால் எண்ணிக் கொடுக்காதீர்கள். திரும்பி வரும் முதல் நாள் அதே இடத்தில் தனியாக நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் கழித்து, எல்லோரும் மறந்த பிறகு, ஒருமுறை தனியாகக் கேளுங்கள்: "தூக்கம் வருதாம்மா?"

12. வீடு வந்து சேரும்வரை டூட்டிதான்.

2019-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேலையிடத்து வன்முறை பற்றி 190-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் வழியும் வரும் வழியும் அதில் வேலையிடத்தோடு சேர்ந்தது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 24 மணி நேரமும் கடை திறக்க 2019-இல் அனுமதி கொடுத்தபோதே, இரவில் வேலை செய்யும் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கேளுங்கள். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

நம் பக்கம் மெட்ரோ ராத்திரி பதினொன்று வரைதான். அதற்குப் பிறகு தேரடியிலோ அஜாக்ஸிலோ தனியாக ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் ஓரத்தில் நடக்காதீர்கள், அந்தப் பக்கம் நடப்பது ரோட்டிலிருந்து தெரியாது. தெருவில் மூன்று பேரும் ஒரு வாட்ஸ்ஆப் குழு போட்டுக்கொள்ளுங்கள், ஷிப்டு முடிந்ததும் ஒரு வரி அனுப்புங்கள். அதில் என் நம்பரையும் சேர்த்துவிடுங்கள். எனக்கு இன்னும் ராத்திரி டூட்டிப் பழக்கம் போகவில்லை, இரண்டு மணி வரை முழித்திருப்பேன். விம்கோ நகர் ஸ்டேஷன் படிக்கட்டுக்கு வந்து நிற்க எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆகும்.